நாற்பத்தைந்துக்குள்

எனக்கு முன்னால் இன்னும் எட்டுப் பேர். ரேஷன் கடையில் மட்டும் நகரவே நகராத வரிசை இன்றைக்கு என்னைத் தள்ளிக்கொண்டு போகிறது, யாராவது மயங்கி விழுந்தால்கூடப் பரவாயில்லை, மழை வந்தால் நல்லது, கரண்ட் போனால் இன்னும் நல்லது, ஆனால் அந்தத் தராசு பேட்டரியில் ஓடுவது. எல்லாரும் ஜட்டியோடு நிற்கிறார்கள். நான் மட்டும் சட்டையைக் கழற்றவில்லை. "ஏலே, கழத்துல" என்று பின்னால் ஒருவன் முதுகில் குத்துகிறான், குத்தட்டும், கழற்றினால் தெரிந்துவிடும், கழற்றாவிட்டாலும் தராசு சொல்லிவிடும், சட்டையே இருநூறு கிராம் இருக்குமோ என்னவோ, மாமாவுடைய சட்டை, தொளதொளவென்று தொடை வரை தொங்குகிறது, வேர்வையில் வேறு ஊறிப் போயிருக்கிறது. பள்ளிக்கூட வராண்டாவில் பெஞ்சு போட்டுக் கமிட்டி அண்ணாச்சி உட்கார்ந்திருக்கிறார், காலடியில் தராசு, கையில் மைக். கோயில் கொடைத் திருவிழாவுக்காக நடத்துகிற கபடி, நாற்பத்தைந்து கிலோவுக்குள் இருப்பவர்கள்தான் இறங்கலாம், ஐம்பது கிராம் கூடினாலும் வெளியே. சரி, அதை நம் காதில் மட்டும் சொன்னால் என்ன? ஸ்பீக்கரைத் தென்னை மரத்தில் கட்டி ஊருக்கே சொல்கிறார்கள். "நாப்பத்திநாலு எழுநூறு. ஓகே. அடுத்த தம்பி." ஏழு பேர். என் வயிறு ஒரு சத்தம் போடுகிறது. பசியில் வருகிற சத்தம் இல்லை அது, நிறைந்த வயிறு போடுகிற சத்தம், அது பக்கத்தில் நிற்பவனுக்குக் கேட்டிருக்குமோ என்று வயிற்றைக் கையால் அழுத்திக்கொள்கிறேன். இட்லி. இத்தனையும் அந்த இட்லியால்.

இட்லியால் இல்லை, என் வாயால். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எங்கள் டீமில் ஏழே பேர், மாற்று ஆள் கிடையாது, ஒருவனுக்கு அம்மை போட்டிருக்கிறது, இன்னொருவனை அவன் அப்பா விடவில்லை. ஏழில் ஆறு பேர் நேற்று மத்தியானத்திலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் லோடு ஆட்டோவில் உட்கார்ந்து வந்தார்கள். டீமை நடத்துகிற பொன்லிங்கம் அண்ணன்தான் வண்டியையும் ஓட்டினார், வழியில் நிறுத்தித் தனக்கு வாங்கிய பார்சலில் பாதியை எடுத்து என் மடியில் வைத்தார். "நீ தின்னுல ஈக்குச்சி, ஒனக்கென்ன. ஒன்னையத் தராசுல ஏத்துனா தராசு முழிக்கவே செய்யாது." எல்லாரும் சிரித்தார்கள், சிரிக்கத் தெம்பில்லாமல் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆறு பேரும் என் கையையே பார்த்தார்கள், இலையிலிருந்து வாய்க்கு, வாயிலிருந்து இலைக்கு. எனக்கு எதிரில் சுயம்பு, அவன் உதடு வெடித்திருந்தது. "சாம்பார் எப்பிடில இருக்கு?" என்றான். நல்லா இருக்கு என்றேன். "சட்னி?" என்றான். தேங்காய்ச் சட்னி என்றேன். அவனுக்கு எச்சில் ஊறிவிட்டது, விழுங்கப் போனவன் சட்டென்று நினைவு வந்து வண்டிக்கு வெளியே துப்பினான். எச்சிலை விழுங்கினாலும் எடை கூடும் என்று பொன்லிங்கம் அண்ணன் சொல்லியிருக்கிறார். அப்போதாவது சொல்லியிருக்கலாம், அண்ணே எனக்கு வேண்டாம், நானும் கூடிட்டேன்னு. ஆறு பட்டினிக் கண்ணுக்கு நடுவில் அதை எப்படிச் சொல்வது? சொன்னால் இறக்கி விட்டுவிடுவார்களோ என்று பயந்தேன். சொல்லாததற்கு இப்போது பயப்படுகிறேன். பயத்துக்குப் பயந்து இன்னும் ரெண்டு இட்லி வாங்கித் தின்றேன், என்னை என்ன சொல்வது!

ஆறு பேர். ஈக்குச்சி. அந்தப் பேரை யார் வைத்தார்கள் என்றே நினைவில்லை, ஆறாம் வகுப்பிலிருந்து இருக்கிறது, இசக்கிதுரை என்று வருகைப் பதிவில் கூப்பிடும்போது எனக்கே யாரோ போலத் தோன்றும். பேண்ட் இடுப்பில் நிற்காது, அரைஞாண் கயிற்றைப் பேண்டுக்கு மேலே இழுத்து விட்டுக்கொள்வேன். பையைத் தூக்கிக்கொண்டு காற்றடிக்கிற நாளில் போனால் பஸ்ஸில் பெண்பிள்ளைகள் கம்பியைப் பிடிச்சிக்கோ பறந்துருவே என்பார்கள். கிணற்றில் குளிக்கச் சட்டையைக் கழற்றினால் விலா எலும்பில் வீணை வாசிப்பார்கள். போன வருஷம் ஒருநாள் போனில் பார்த்த ஒரு டப்பாவை, ஒரு மாசத்தில் உடம்பு ஏற்றுகிற பவுடராம், வாங்கித் தா என்று அக்காவிடம் அழுதேன், நிஜமாகவே அழுதேன். அக்கா நர்சிங் படிக்கிறாள், அவளுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு கேலி உண்டு. "அந்த டப்பாவ நீ தூக்குனாலே ஒனக்கு எக்ஸர்சைஸ்தாம்ல" என்றாள். அப்புறம் என்னை உட்கார வைத்துக் கேட்டாள், காலையில் என்ன திங்கே, பள்ளிக்கூடத்தில் என்ன திங்கே, எத்தனை மணிக்குத் தூங்குதே. காலையில் டீ, மத்தியானம் பாதிச் சோறு, ராத்திரி போன். "பெறவு எப்பிடில சதை பிடிக்கும்? ஒடம்பு என்ன காத்துலயா கட்டும்?" பவுடர் கிவுடர் ஒன்றும் கிடையாது, அதில் என்ன கலந்திருக்கிறதோ, நீ வளருத பையன் என்றாள். அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்ப் பூச்சி மாத்திரை வாங்கிக் கொடுத்தாள், ரத்தம் பார்த்தார்கள், ஒரு நோயும் இல்லை என்றார்கள். அன்றையிலிருந்து அம்மாவுக்கு வேலை கூடிற்று. காலையில் டீக்குப் பதில் பாலும் முட்டையும், பள்ளிக்கூடத்துக்கு டப்பாவில் அவித்த கடலையும் வாழைப்பழமும், சாயங்காலம் வந்ததும் நல்லெண்ணெய் ஊற்றிய உளுந்தங்களி, ராத்திரி சோற்றோடு சாளை மீனோ பருப்போ. பத்து மணிக்குப் போனைப் பிடுங்கி அரிசிப் பானைக்குள் போட்டுவிடுவாள். நான் மாட்டுத் தொழுவத்துக்குப் பின்னால் தண்டாலும் பஸ்கியும் எடுத்தேன். முதல் நாள் மூன்றாவது தண்டாலில் மூக்கு மண்ணில் இடித்தது. யாரும் பார்க்கவில்லை, மாடு பார்த்தது.

ஐந்து பேரா, நான்கா, ஒருவன் தலையை மொட்டை அடித்துக்கொண்டு வந்திருக்கிறான், முடியின் எடை கழியுமாம். ஒருவன் நகத்தைக் கடித்துத் துப்பிக்கொண்டே இருக்கிறான். தொழுவத்துக் கண்ணாடி நினைவுக்கு வருகிறது. அப்பா ஷேவ் பண்ணுகிற உடைந்த கண்ணாடி அது. ஒருநாள் கையை மடக்கிப் பார்த்தேன், மேல்கையில் சின்னதாக ஒன்று புடைத்தது, எலுமிச்சங்காய் அளவு. கையை நீட்டினேன், போய்விட்டது. மடக்கினேன், வந்தது. இது என்னுடையதுதானா என்று தொட்டுப் பார்த்தேன், கெட்டியாக இருந்தது, எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு என்னவோ பயமாகவும் இருந்தது, யாரோ ஒருத்தன் எனக்குள் வந்து குடியேறின மாதிரி. ஓடிப்போய் அம்மாவிடம் காட்டினேன். அவள் முகம் மலர்ந்த அதே நிமிஷம் என் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள். "எய்யா, இத யாருட்டயும் காட்டாத. ஊரு கண்ணு பொல்லாதது." அன்றைக்கே மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டாள். மறுநாளிலிருந்து மாமாவுடைய பழைய சட்டைகள் எனக்கு வந்தன. எதிர்வீட்டுச் சித்தி, "பய கொஞ்சம் தேறிருக்கானோ?" என்று கேட்டபோது அம்மா வாய் கூசாமல் சொன்னாள், "எங்க தேற? கோழி கணக்கால்லா கொறிக்கான். எங்க மதினி பிள்ளையளப் பாருங்க, அதுவள்லா பிள்ள." நான் உள்ளே மூன்றாவது முட்டையை உரித்துக்கொண்டிருந்தேன். அப்படித்தான் ஊரில் ஒருத்தருக்கும் தெரியாமல் போயிற்று. சட்டைக்குள்ளே நான் வளர்ந்துகொண்டே இருந்தேன், வெளியில் ஈக்குச்சி அப்படியே இருந்தான்.

போன மாசம் ரயில்வே ஸ்டேஷனில் காசு போட்டு ஏறும் மிஷினில் ஏறினேன். சீட்டை வாங்கினேன், பார்த்தேன், கிழித்துத் தண்டவாளத்தில் போட்டேன். நாற்பத்திநாலரை. வாழ்க்கையில் முதல் தடவையாக என் எடையைப் பார்த்து உதடு காய்ந்தது. அதுவரை எத்தனை தரம் முள் வலது பக்கம் போக வேண்டும் என்று சாமி கும்பிட்டிருப்பேன், இப்போது இடது பக்கம் போ போ என்கிறேன், சாமிக்கே குழம்பியிருக்கும். அதற்கப்புறம் நான் எந்தத் தராசுப் பக்கமும் போகவில்லை. பார்க்காவிட்டால் கூடாது என்று ஒரு நினைப்பு. சாப்பாட்டைக் குறைக்கலாம் என்று ஒருநாள் சோற்றைத் தள்ளி வைத்தேன், அம்மா தட்டின் முன்னாலேயே உட்கார்ந்திருந்தாள், எடுத்துத் தின்றுவிட்டேன். இந்த டீமை விட்டால் எனக்கு என்ன இருக்கிறது? அடுத்தது ஐம்பத்தைந்து கிலோ டீம், அதில் மீசைக்காரர்கள், தொடை உரல் மாதிரி இருக்கும், அவர்கள் நடுவில் போய் நின்றால் என்னைத் தண்ணீர் எடுத்துக்கொண்டு வரத்தான் அனுப்புவார்கள். இங்கே நான் ரைடர், பாடிப் போகிறவன். ஒல்லியாய் இருப்பதால் பிடி வழுக்கி வருகிறவன், அதுதான் என் பேர், அதற்குத்தான் கைதட்டல். ஒல்லியாக இருக்கிறோமே என்று அழுதவனுக்கு ஒல்லியாக இருந்ததால்தான் இடம் கிடைத்தது என்பது இந்த வரிசையில் நிற்கும்போதுதான் உறைக்கிறது. எடை கூடிய ரைடர் யாருக்கு வேண்டும்?

சுயம்பு ஏறுகிறான். எனக்கு முன்னால் அவன்தான். முதுகெலும்பு ஒவ்வொன்றாகத் தெரிகிறது. போன வருஷம் இதே மாதிரி ஒரு கொடை, வேறு ஊர். ரெண்டு நாள் பட்டினி கிடந்து, மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு உச்சி வெயிலில் ஓடினான். எடை சரியாக வந்தது. ஆட்டத்தில் முதல் பாட்டு பாடிப் போனவன் நடுக்கோட்டைத் தாண்டிய இடத்திலேயே மடங்கி உட்கார்ந்தான், ஏதோ விளையாட்டு காட்டுகிறான் என்று நினைத்தோம். அப்புறம் கை விரல்கள் கோழிக்கால் மாதிரி வளைந்துகொண்டன, கண்ணில் வெள்ளை மட்டும் தெரிந்தது. பைக்கில் நடுவில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், பின்னால் உட்கார்ந்து அவனைப் பிடித்துக்கொண்டவன் நான். அவன் தலை என் தோளில் இங்குமங்கும் உருண்டது. ட்ரிப் ஏற்றின டாக்டர், இன்னும் கொஞ்சம் போயிருந்தா கிட்னி போயிருக்கும் என்று யாரைப் பார்த்தும் சொல்லாமல் சொன்னார். அதே சுயம்பு இப்போது தராசில். மூச்சை வெளியே விட்டுவிட்டு நிற்கிறான், மூச்சுக்கும் எடை இருக்கிறது என்று நினைப்பு. "நாப்பத்திநாலு தொள்ளாயிரம். ஓகே." இறங்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டான். அவன் கை வேறு யாருடைய கையோ போல இருந்தது, அவ்வளவு குளிர்ச்சி.

"அடுத்து இசக்கிதுரை." சட்டையைக் கழற்றுகிறேன். பொத்தான் ஒன்று வரவில்லை, விரல் வழுக்குகிறது, தலை வழியாக உருவுகிறேன். பொன்லிங்கம் அண்ணன் தூணில் சாய்ந்து நின்றவர் நிமிர்ந்து பார்க்கிறார், என் தோளை, நெஞ்சை, காலை. என் உடம்பை எங்கே கொண்டுபோய் ஒளித்து வைப்பது? தராசு காலுக்கடியில் சுடுகிறது. சிவப்பு எண்கள் ஓடி ஓடி நிற்கின்றன. நான் பார்க்கவில்லை, கண்ணை மூடிக்கொள்கிறேன், ஆனால் தென்னை மரம் சொல்லிவிட்டது. "நாப்பத்தஞ்சு எண்ணூறு. கூடுதல். தம்பி இறங்கு. நாலு மணிக்கு முடிச்சிருவோம், அதுக்குள்ள கொறைச்சிட்டு வந்தா இன்னொரு சான்ஸ்."

பொன்லிங்கம் அண்ணன் என்னைக் கையைப் பிடித்துப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் கூட்டிப்போனார். அடிப்பார் என்று நினைத்தேன். அவர் அடிக்கவில்லை, என் மேல்கையைப் பிடித்துப் பார்த்தார், மாட்டைப் பிடித்துப் பார்ப்பது போல. "எப்பம்ல இப்பிடி ஆன?" என்றார். தெரியலண்ணே என்றேன். "தெரியலயா? இட்லிய வாங்கி வாங்கித் தின்னியேல! ஏழு பேருல. ஒரு ஆளு கொறைஞ்சா எப்பிடில?" அவர் குரல் உடைந்தது, அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. வண்டியிலிருந்து மழைக்கோட்டை எடுத்து வந்து மாட்டிவிட்டார், தொப்பியைத் தலைக்கு மேல் இழுத்துக் கயிற்றைக் கழுத்தில் கட்டினார். "ஓடு. நிக்கப்பிடாது. எச்சியத் துப்பிட்டே ஓடு. ஒரு சொட்டுத் தண்ணி உள்ள போச்சு, பெறவு என்னையப் பாக்காத."

ஓடுகிறேன். கோட்டுக்குள்ளே வேறொருவனுடைய பழைய வேர்வை நாற்றம், சுயம்புவுடையதாக இருக்கும். மூச்சு முகத்திலேயே வந்து அடிக்கிறது. பின்பக்கச் சுவர், கக்கூஸ், வேப்பமரம், மறுபடி பின்பக்கச் சுவர். துப்பு, துப்பு. காதுக்குள்ளே நெஞ்சு அடிக்கிறது, அது என் நெஞ்சா செண்டை மேளமா, கோயிலில் மேளம் தொடங்கிவிட்டார்களா? வேர்வையில் போவது தண்ணீர்தான், சதை இல்லை என்று அக்கா சொல்லியிருக்கிறாள், சொல்லியிருக்கிறாள்தான், ஆனால் கோட்டு நுனியில் சொட்டுகிற ஒவ்வொரு சொட்டும் அம்மா ஆட்டிய உளுந்து மாதிரி இருக்கிறது, பால் மாதிரி இருக்கிறது, தொழுவத்துக்குப் பின்னால் நான் எடுத்த தண்டால் சொட்டுச் சொட்டாக மண்ணில் போகிறது. எண்ணூறு கிராம் என்றால் எவ்வளவு? ஒரு சொம்பா, ஒரு குடமா? வேப்பமரம் இரண்டாகத் தெரிகிறது. இல்லை, அங்கே இரண்டு மரம்தான். முன்னால் ஒன்றுதானே இருந்தது? விரலை மடக்கிப் பார்க்கிறேன், மடங்குகிறது, நீட்டுகிறேன், நீள்கிறது, இன்னும் வளையவில்லை. வளைந்தால் எனக்குத் தெரியுமா? சுயம்புவுக்குத் தெரிந்ததா? பைக்கில் என்னை யார் பிடித்துக்கொள்வார்கள்? நின்றால் பொன்லிங்கம் அண்ணன், ஓடினால் அந்த வெள்ளைக் கண். இரண்டு பக்கமும் பயம், நடுவில் ஓடிக்கொண்டிருக்கிறேன்.

தண்ணீர் டேங்குக்குப் பக்கத்தில் சுயம்பு குனிந்து நிற்கிறான். எடை பார்த்து முடித்தவர்கள் குடிக்கலாம். குழாயில் வாயை வைத்துக் குடித்தான், குடித்த வேகத்தில் அத்தனையும் வாந்தி எடுத்தான். வாயைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தான். "மொதல்ல நனைச்சி நனைச்சிதாம்ல குடிக்கணும். மடமடன்னு குடிச்சா தங்காது. ரெண்டு மூணு தடவ கக்குனா பெறவு சரியாயிரும்." பட்டம் விடுவது எப்படி என்று சொல்லித் தருகிற மாதிரி சொன்னான். எட்டாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தவன். அவனுக்கு இது பழகிவிட்டது. அடுத்த வருஷமும் நாற்பத்தைந்துக்குள் இருப்பான், அதற்கடுத்த வருஷமும், வளர வேண்டிய பிள்ளையை இவர்கள் வளரவிடாமல் வைத்திருப்பார்கள், நானும் நன்றாக ஓடினால் எனக்கும் பழகிவிடும். "நிக்காதல, ஓடு" என்றான் சுயம்பு. நான் கழுத்துக் கயிற்றை அவிழ்த்தேன். முடிச்சு இறுகியிருந்தது, பல்லால் கடித்து அவிழ்த்தேன். கோட்டைக் கீழே போட்டுவிட்டுக் குழாயைத் திறந்தேன்.

"ஏலே! என்னல பண்ணுத? அண்ணன் கொன்னுருவாவல!" கொல்லட்டும் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை, நனைத்து நனைத்துக் குடித்தேன், தண்ணீர் வெந்நீராக இருந்தது, பிளாஸ்டிக் வாசம் அடித்தது, குடித்தேன். அழுகை வந்தது, அதையும் சேர்த்துக் குடித்தேன். நிமிர்ந்தபோது பொன்லிங்கம் அண்ணன் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார். என் தாடையிலிருந்து தண்ணீர் சொட்டுவதைப் பார்த்தார். "குடிச்சியா?" "ஆமாண்ணே." "ஏம்ல?" "பயமா இருக்குண்ணே." வேறு நல்ல காரணமாக ஒன்று சொல்லலாம் என்று தேடினேன், கிடைக்கவில்லை, இருப்பது அது ஒன்றுதான். அவர் சுயம்புவைப் பார்த்தார், சுயம்புவின் காலடியில் கிடந்த வாந்தியைப் பார்த்தார். பிறகு குனிந்து மழைக்கோட்டை எடுத்து உதறினார், மடித்தார், மடிப்பு சரியாக வராமல் மறுபடி மடித்தார். "ஆறு பேரோட எறங்க வேண்டியதுதான்" என்று கோட்டிடம் சொல்வது போலச் சொல்லிவிட்டு நடந்தார்.

"இசக்கிதுரை, கடைசி சான்ஸ், இசக்கிதுரை." போகாமல் இருந்திருக்கலாம். வர மாட்டேன் என்று கையைக் காட்டியிருந்தால் போதும். என் கால் வராண்டா பக்கம் நடக்கிறது, வயிற்றில் தண்ணீர் களக் களக் என்கிறது. மைதானத்தில் இருக்கிற எல்லாரும் பார்க்கிறார்கள், சுயம்பு போக எங்கள் பையன்கள் ஐந்து பேரும் ஆட்டக்கோட்டுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பார்க்கிறார்கள், அவர்கள் என்னை இனிமேல் வண்டியில் ஏற்றுவார்களோ இல்லையோ. தராசில் ஏறுகிறேன். இந்தத் தடவை கண்ணை மூடவில்லை. சிவப்பு எண் ஏறுகிறது, நாற்பத்தைந்தைத் தாண்டுகிறது, நிற்காமல் போகிறது, நாற்பத்தாறில் வந்து ஆடி நிற்கிறது, அத்தனையும் என்னுடையது. கமிட்டி அண்ணாச்சி குனிந்து பார்த்துவிட்டு மைக்கைக் கையால் மூடிக்கொண்டு கேட்டார், "என்ன தம்பி, ஓடிட்டு வந்து கூடிருக்கே?" ஆமா அண்ணாச்சி என்றேன். பின்னால் யாரோ சிரித்தார்கள். "சரி, சரி. எறங்கு" என்றார்.

"இன்னும் கொஞ்சம் நிக்கேன் அண்ணாச்சி" என்றேன்.